உப்புத் தண்ணிக்குள் உலோகம்: முதல் போட் வாங்கியவர்களுக்கு

போன சோளகத்தில், திருகோணமலையில் திருக்கடலூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர் தன் அவுட்போர்ட் எஞ்சினைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு பட்டறைக்கு வந்தார். வாங்கி ஒன்றரை வருடம்தான். எஞ்சின் காலின் கீழ்ப்பகுதியில், புரொப்பெல்லருக்குச் சற்று மேலே, அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் பொங்கி நின்றது. ஸ்குரூ டிரைவர் நுனியால் மெல்லத் தட்டினேன். பொடி உதிர்ந்த இடத்தில் சுண்டுவிரல் நுனி புகும் அளவுக்குக் குழி. அதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பூட்டியிருந்த சிங் (நாகம்) கட்டியோ, நேற்றுத்தான் கடையில் எடுத்ததுபோல் விளிம்பு கூட மழுங்காமல் இருந்தது. அதன்மேல் எஞ்சினின் அதே சாம்பல் நிறத்தில் பெயின்ற்.

"தம்பி, இதுக்கு ஆர் பெயின்ற் அடிச்சது?"

"நான்தான் அண்ணே. வடிவா இருக்கட்டும் எண்டு."

அந்தக் கட்டி கரைவதற்கென்றே வைக்கப்பட்டது. பெயின்ற் அதை மூடிவிட்டதால் அது கரையவில்லை. அதன் இடத்தில் எஞ்சின் கரைந்தது. கடலில் இரண்டு உலோகம் ஒன்றையொன்று தொட்டபடி கிடந்தால் ஒன்று போகத்தான் செய்யும். எது போக வேண்டும் என்பதை நாம் முன்கூட்டியே தீர்மானித்து வைக்கலாம். இந்தத் தொழிலில் புதிதாகக் கால் வைக்கும் பிள்ளைகளுக்கு இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பதில்லை. எனக்கும் ஒருவரும் சொல்லவில்லை. ஆகவே முதலில் வீட்டு மேசையில் போத்தல்களோடு தொடங்கி, பிறகு கரைக்குப் போவோம்.

உப்பு என்ன செய்கிறது

"உப்பு இரும்பைத் தின்னும்" என்கிறோம். உண்மையில் உப்பு தின்பதில்லை. உலோகம் தன் இலத்திரன்களை விட்டுக்கொடுத்துத் தண்ணீருக்குள் கரைந்து போகிறது. அந்த இலத்திரன்களைத் தண்ணீரிலுள்ள ஒட்சிசன் வாங்கிக்கொள்கிறது. உப்பு இதில் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, தண்ணீரை மின்சாரம் கடத்த வைக்கிறது. மற்றது, உப்பிலுள்ள குளோரைட்டு, உலோகத்தின் மேல் படிந்து அதைக் காத்துக்கொண்டிருக்கும் மெல்லிய ஒட்சைட்டுத் தோலை அங்கங்கே கிழித்துவிடுகிறது. வீட்டில் அலுமினியப் பானையில் புளியும் உப்புமாக மீன்குழம்பை இரவு முழுக்க விட்டுப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. விடியப் பானையின் உள்ளே ஊசி குத்தியதுபோல் புள்ளிகள் இருக்கும்.

பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த வரிசை நினைவிருக்கும்: பொற்றாசியம், சோடியம், கல்சியம், மகனீசியம், அலுமினியம், நாகம், இரும்பு, ஈயம், செம்பு, வெள்ளி, பொன். மேலே இருப்பது சீக்கிரம் கரையும், கீழே இருப்பது நின்று பிடிக்கும். முதல் இரண்டுக்கும் உப்பே தேவையில்லை, கிணற்றுத் தண்ணியே போதும். சோடியம் தண்ணீரில் விழுந்த கையோடு உருகி உருண்டையாகி ஓடும். பொற்றாசியம் ஊதா நிறச் சுவாலையோடு எரியும். துண்டு சற்றுப் பெரிதென்றால் வெடித்துத் தெறிக்கும்; தெறிப்பது உலோகம் மட்டுமல்ல, கண்ணைக் குருடாக்கும் காரமும்கூட. ஆய்வுகூடத்தில் ஆசிரியர் செய்து காட்டுவதைத் தூர நின்று பாருங்கள், நீங்கள் தொட வேண்டாம். கைபேசி பற்றரியை உப்புத் தண்ணீருக்குள் போட்டு விளையாடுவதும் அதேபோலத்தான். உள்ளே மின்சுற்றுக் குறுகிச் சூடேறி, மணிக்கணக்கு கழித்துக்கூடத் தீப்பிடிக்கும்.

நமக்கு வேண்டியது மகனீசியம் முதல் செம்பு வரை உள்ள நடுப்பகுதி.

முதற்படி: மேசைமேல் ஒரு கடல்

ஒரு லீற்றர் தண்ணீருக்கு 35 கிராம் உப்பு. தராசு இல்லையென்றால் தூள் உப்பு மட்டமாக இரண்டு மேசைக்கரண்டி. திறந்த கடலின் உப்புச் செறிவும் ஏறத்தாழ இதுதான். உப்புவெளிக் கரையில் ஒரு போத்தல் கடல்தண்ணி மொண்டு வந்தால் இன்னும் நல்லது. ஏன் நல்லது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நாகம் பூசாத சாதாரண இரும்பு ஆணி ஐந்து எடுத்து, சான்ட் பேப்பரால் பளபளக்கும்வரை தேயுங்கள். தேய்த்த பிறகு விரல் படாமல் பிடியுங்கள், கையெண்ணெய் ஒட்டினால் முடிவு குழம்பும். ஐந்து போத்தல் வையுங்கள். முதல் போத்தலில் வெறும் ஆணி. இரண்டாவதில் செம்புக் கம்பியை இறுக்கிச் சுற்றிய ஆணி; பழைய மின்வயரை உரித்தால் செம்பு கிடைக்கும். மூன்றாவதில் ஒரு நாகத் துண்டோடு சேர்த்துக் கட்டிய ஆணி. நாகம் தேடி அலைய வேண்டாம், எந்த எஞ்சின் பட்டறையிலும் தேய்ந்துபோன சிங் கட்டி ஒன்று மூலையில் கிடக்கும். நான்காவதிலும் அதேபோல் நாகம் கட்டிய ஆணிதான், ஆனால் நாகம் ஆணியின் ஒரு முனையில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், தண்ணீரும் உப்பில்லாத மழைத் தண்ணீராக இருக்க வேண்டும். ஐந்தாவது, பள்ளிக்கூடத்தில் ஒரு துண்டு மகனீசிய நாடா கிடைத்தால் அதைச் சுற்றிய ஆணி, உப்புத் தண்ணீரில்.

எந்தப் போத்தலையும் இறுக்கி மூடாதீர்கள். கடைசிப் போத்தலில் ஐதரசன் வாயு வரும், மூடினால் போத்தல் வெடிக்கலாம். பக்கத்தில் விளக்கோ பீடியோ வேண்டாம். மிச்ச மகனீசிய நாடாவைப் பத்த வைத்துப் பார்க்கும் ஆசையும் வேண்டாம். அது பிடித்துக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது, காய்ந்த மணலைத்தான் கொட்ட வேண்டும்.

இரண்டாம் படி: விடியப் பாருங்கள்

அவசரப்படாமல் போத்தலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வெறும் ஆணியில் செம்மஞ்சள் துரு, அடியில் கொஞ்சம் வண்டல். செம்பு சுற்றிய ஆணியில் துரு அதைவிட அதிகம். செம்போ சுத்தமாக இருக்கும். நாகத்தோடு உப்புத் தண்ணியில் கிடந்த ஆணியை வெளியே எடுங்கள். இரும்பு அப்படியே பளபளக்கும். நாகத்தைச் சுற்றிப் பால் திரைந்ததுபோல் வெள்ளையாக ஒன்று மிதக்கும். அந்த வெள்ளைதான் ஆணிக்காக நாகம் கொடுத்த விலை.

நான்காவது போத்தலைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பாருங்கள். நாகம் கட்டியிருந்தும் தூரத்து முனையில் ஆணி துருப்பிடித்திருக்கும். மழைத் தண்ணீர் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது, அதனால் நாகத்தின் காவல் அவ்வளவு தூரம் எட்டாது. கொட்டியாரக் குடாவில், மகாவலி விழும் பக்கம் போட் கட்டுபவர்கள் இதை மறக்கக் கூடாது.

மகனீசியம் கட்டிய ஆணியில் குமிழிகள் நாடாவில் மட்டுமல்ல, ஆணியிலிருந்தும் கிளம்பும். கரைவது நாடாதான், ஆனால் அது விட்ட இலத்திரன் ஆணிவரை நடந்துபோய் அங்கே தண்ணீரைப் பிரித்து ஐதரசனை விடுகிறது. முதன்முதலில் இதைப் பார்த்தபோது வெகுநேரம் எழும்பாமல் இருந்தேன். இரும்பிலிருந்து குமிழி வருகிறது, இரும்பு மட்டும் தேயவில்லை! கண்ணுக்குத் தெரியாத ஓட்டத்தை இப்படிக் கண்ணாலேயே காட்டும் சோதனை வேறில்லை.

உண்மையான கடல்தண்ணியில் செய்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். நாலைந்து நாள் விட்டால், காப்பாற்றப்பட்ட ஆணியின் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் ஒரு வெண்படலம் ஏறும். கடலில் கரைந்திருக்கும் கல்சியமும் மகனீசியமும் அங்கே படிவதுதான் அது. கெடுதல் இல்லை. அந்தப் படலமே பாதிக் காவலைத் தன்மேல் எடுத்துக்கொள்ளும், நாகம் மெதுவாகக் கரையும். கறியுப்பில் இது வராது.

மூன்றாம் படி: மல்ரிமீற்றரைத் தொடுங்கள்

உப்புத் தண்ணீரில் செம்புத் துண்டு ஒன்றையும் வேறொரு உலோகத் துண்டையும் ஒன்றையொன்று தொடாமல் நிறுத்தி, மீற்றரை டி.சி. வோல்ற்றில் வைத்து இரண்டையும் தொடுங்கள். மகனீசியம் என்றால் ஒன்றரை வோல்ற்றை ஒட்டி வரும், நாகம் முக்கால் வோல்ற்றைச் சுற்றி, இரும்பு அதில் பாதியளவு. எண்கள் கொஞ்சம் ஏறி இறங்கும், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இடைவெளி பெரிதானால் வரிசையில் மேலே உள்ளது வேகமாகத் தின்னப்படும் என்பதுதான் பிடித்துக்கொள்ள வேண்டிய விஷயம். உயிர்காப்பு அங்கியில் தண்ணீர் பட்டதும் தானாக எரியும் சின்ன விளக்குகள் உண்டல்லவா? அவற்றில் பல இந்த மகனீசிய மின்கலத்தால்தான் எரிகின்றன. கடலே பற்றரியின் தண்ணி.

இப்போது அலுமினியத்தைப் போட்டுப் பாருங்கள். பள்ளிக்கூட வரிசைப்படி அது நாகத்துக்கு மேலே. மீற்றரோ நாகத்தைவிடக் குறைவாகத்தான் காட்டும். மீற்றர் பிழையில்லை. அலுமினியம் காற்றுப் பட்ட நொடியே ஒட்சைட்டுத் தோலைப் போர்த்திக்கொள்கிறது, கடல் அந்தத் தோலைத்தான் முதலில் சந்திக்கிறது. கடலுக்கென்று தனி வரிசை உண்டு. அதில் மகனீசியம், நாகம், அலுமினியம், இரும்பு, செம்பு என்று இறங்கி, செம்புக்கும் கீழே ஸ்ரெயின்லெஸ், அதற்கும் கீழே தைத்தேனியம், கடைசியில் பென்சில் கரி. தைத்தேனியம் உண்மையில் அலுமினியத்துக்குச் சளைக்காத தாக்குதிறன் உள்ள உலோகம். ஆனால் அதன் தோலைக் கடலின் குளோரைட்டால் கிழிக்க முடிவதில்லை. நம் மாவட்டத்திலேயே புல்மோட்டைக் கரையில் கறுப்பாக மின்னும் இல்மனைற்று மணல் தைத்தேனியத்தின் தாதுதான். அந்த மணலில் நடந்தவர்கள் எத்தனை பேருக்கு இது தெரியும்!

நான்காம் படி: போட்டைச் சுற்றி ஒரு நடை

கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். பென்சிலால் கொப்பியில் மட்டும் எழுதுங்கள், அலுமினியத்தின் மேல் அடையாளம் போடாதீர்கள். கரிக்கோடு செம்பைவிட மோசமான அயலவன், கோட்டின் வழியே அரிப்பு ஓடும். இதே காரணத்தால் கரி கலந்த கறுப்புக் கிறீஸையும் அலுமினியத்தில் பூச வேண்டாம்.

எங்கெங்கே இரண்டு உலோகம் தொடுகிறது என்று பாருங்கள். பைபர் உடல் தின்னப்படாது. அதில் பூட்டியிருப்பவைதான் போகும். அலுமினிய எஞ்சின் காலில் ஸ்ரெயின்லெஸ் போல்ட். இரும்புத் தண்டில் பித்தளைப் புரொப்பெல்லர், இது உள்ளிணைப்பு எஞ்சின் உள்ள பெரிய போட்டுகளில். எது சிறியது, எது பெரியது என்றும் குறியுங்கள். பெரிய அலுமினியத்தில் சின்ன ஸ்ரெயின்லெஸ் ஆணி என்றால் சேதம் மெதுவாக வரும். பெரிய செம்புத் தகட்டில் சின்ன இரும்பு ஆணி என்றால் அந்த ஆணியை மறந்துவிடலாம்.

இதைப் பெரிய விலை கொடுத்துப் படித்தவர்கள் உண்டு. பிரித்தானியக் கடற்படை 1761இல் 'அலார்ம்' என்ற மரக்கப்பலின் அடிக்குச் செம்புத் தகடு அடித்தது, புழுவும் சிப்பியும் ஏறாமல் இருக்க. சில வருடம் கழித்துப் பார்த்தால் செம்பு தொட்ட இரும்பு ஆணிகள் பல கரைந்து போயிருந்தன. தகட்டைச் சுற்றி வந்த பழுப்புத் தாள் தற்செயலாக ஆணிக்கும் செம்புக்கும் நடுவே தங்கிவிட்ட இடங்களில் மட்டும் ஆணி உருப்படியாக இருந்தது. நாம் இன்று போல்ட்டுக்குக் கீழே போடும் நைலோன் வாசரின் வேலையை அந்தத் தாள் செய்திருக்கிறது. பிறகு 1824இல் ஹம்ப்ரி டேவி என்ற வேதியியலாளர் விஷயத்தைத் திருப்பிப் போட்டார்: செம்பைக் காப்பாற்ற, இரும்பும் நாகமும் சின்னத் துண்டுகளாக அதில் பூட்டினார். செம்பு கரையாமல் நின்றது. ஆனால் செம்பு கரைந்தால்தான் அதன் நஞ்சுக்குப் பயந்து சிப்பி ஒட்டாது. கரையாத செம்பில் பாசியும் சிப்பியும் அப்பிக்கொண்டன. கடற்படை அந்த முறையைக் கைவிட வேண்டியதாயிற்று.

அந்தக் கதையின் மறுபக்கத்தை நானே ஒருமுறை செய்தேன். பலநாட் கலம் ஒன்றுக்கு அடித்து மிஞ்சிய, சிப்பி ஒட்டாமல் தடுக்கும் பெயின்ற் அரை வாளி கிடந்தது. வீணாகக் கூடாதென்று மச்சானின் எஞ்சின் காலுக்கு அடித்துக் கொடுத்தேன். அந்த பெயின்ற்றில் இருந்தது செம்பு. மூன்று மாதத்தில் பெயின்ற்றுக்குக் கீழே கொப்புளம், கொப்புளத்துக்குக் கீழே குழி. மச்சான் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் எனக்குக் கூடுதல் வருத்தம். அலுமினியத்துக்குச் செம்பு கலந்த பெயின்ற் வேண்டவே வேண்டாம். வாளியின் மேல் எழுதியிருப்பதை வாசித்துவிட்டுத் தூரிகையை எடுங்கள்.

ஐந்தாம் படி: எந்தக் கட்டி

மூன்று வகை கிடைக்கும். சுத்தக் கடலில் நிற்கும் போட்டுக்கு நாகம் போதும், காலங்காலமாக நின்று பிடித்த வழி. ஆனால் சந்தையில் கிடைக்கும் ஏதோ ஒரு நாகத்தை உருக்கி வார்த்துப் பூட்டாதீர்கள். நாகத்தில் இரும்பு மிகச் சிறிதளவு, நூற்றில் 0.005 பங்குக்கு மேல் கலந்தாலே அதன்மேல் கெட்டித் தோல் கட்டி வேலை நின்றுவிடும்.

மூதூர், கிண்ணியாப் பக்கம் ஆற்றுத் தண்ணி கலக்கும் இடத்தில் கட்டுபவர்களுக்கு அலுமினியக் கலவைக் கட்டி நல்லது. வாடைக் காலத்தில் மழைவெள்ளம் குடாவுக்குள் இறங்கும்போது மேல்தண்ணியின் உப்புக் குறையும். நாகம் அப்போது வெள்ளைத் தோல் போர்த்துத் தூங்கிவிடும். "அலுமினியம்தான் தோல் போர்த்தும் என்றீர்களே" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இந்தக் கட்டிகளில் துளியளவு இந்தியம் என்ற உலோகம் சேர்த்திருப்பார்கள், அது தோல் கட்ட விடாது. எடைக்கு எடை வேலையும் அதிகம். நூறு மில்லி அம்பியர் ஓட்டம் ஒரு வருடம் முழுக்க ஓடினால் நாகம் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் கரையும். அலுமினியக் கட்டியில் அதே வேலைக்கு ஏறத்தாழ 350 கிராம் போதும்.

மகனீசியக் கட்டி ஆறு, குளங்களுக்கு உரியது. கடலில் பூட்டினால் வெகு சீக்கிரம் முடிந்துவிடும். அதோடு அளவுக்கு மிஞ்சிய காவல், பெயின்ற்றையும் உரித்து அலுமினியத்தையும் கெடுக்கும். இரண்டு வகைக் கட்டியை ஒரே எஞ்சினில் கலந்து பூட்டவும் வேண்டாம். ஒன்று மற்றதைக் காக்கவே தன்னைச் செலவழித்துவிடும்.

ஆறாம் படி: பூட்டுவது

தொடும் இடம் இரண்டையும் பளபளக்கும்வரை சுரண்டுங்கள். உலோகத்தோடு உலோகம் நேராகத் தொட வேண்டும். நடுவில் பெயின்ற், துரு, கிறீஸ், எதுவும் வேண்டாம். கட்டி தண்ணிக்குள்ளே இருக்க வேண்டும். நங்கூரம் போட்டு எஞ்சினைத் தூக்கி வைக்கும்போது கட்டி வெளியே வந்துவிட்டால், தண்ணிக்குள் மிஞ்சிய பகுதிக்குக் காவல் இல்லை. ஒன்று முழுதாகத் தூக்குங்கள், இல்லையென்றால் முழுதாக இறக்குங்கள். கட்டிக்கு பெயின்ற் அடிக்கக் கூடாது என்பதைத் திரும்பச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

பூட்டியதும் மீற்றரால் பார்க்கலாம். மூன்று, நாலு மீற்றர் வயரின் நுனியில் ஒரு சுத்தமான நாகத் துண்டைக் கட்டி, போட்டின் எந்த உலோகத்திலும் முட்டாமல் கடலில் தொங்க விடுங்கள். மறுமுனையை மீற்றரின் கறுப்பு வயரில் இணைத்து, சிவப்பு முனையால் நீங்கள் காக்க நினைக்கும் உலோகத்தைத் தொடுங்கள். காவல் இல்லாத இரும்பு 0.4 வோல்ற்றைச் சுற்றிக் காட்டும். கட்டி பூட்டியபின் 0.25க்குக் கீழே இறங்க வேண்டும். அலுமினியமென்றால் கட்டி இல்லாமல் ஒருமுறை, பூட்டிச் சில மணி கழித்து ஒருமுறை அளந்து, 0.2 வோல்ற்றாவது இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்கவில்லையென்றால் கட்டி சரியாகத் தொடவில்லை, அல்லது போதவில்லை.

கட்டி நன்றாக இருந்தும் மாதக்கணக்கில் நிற்க வேண்டியது வாரக்கணக்கில் கரைந்தால் பற்றரியைச் சந்தேகியுங்கள். அடித்தண்ணி இறைக்கும் பம்பின் நேர்முனை வயர் உரிந்து தண்ணிக்குள் கிடந்தால், 12 வோல்ற்று முழுவதும் உலோகத்தைக் கடலுக்குள் தள்ளும். எந்தச் சிங் கட்டியும் அதற்கு ஈடு கொடுக்காது. கரைக்கு வந்ததும் பற்றரி சுவிட்சை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

ஏழாம் படி: கழுவுவதும் பார்ப்பதும்

கட்டி தண்ணிக்குக் கீழேதான் காக்கும். மேலே உப்புக்காற்றும் தெறிப்பும் படும் இடத்துக்கு அது எட்டாது. பழைய இறங்குதுறை இரும்புத் தூண்களைப் பாருங்கள். எப்போதும் மூழ்கிக் கிடக்கும் பகுதி வருடத்துக்கு 0.1 மில்லிமீற்றர் அளவில் தேயும், அலை தெறிக்கும் மேல்பகுதி அதைப்போல் மூன்று நாலு மடங்கு. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானத் தாக்குதலில் சிக்கிய 'சாகெயிங்' கப்பல் நம் துறைமுகத்தின் அடியில் வெகுகாலம் கிடந்து, 2018இல் இலங்கைக் கடற்படையால் மேலே கொண்டுவரப்பட்டது. அத்தனை வருடம் உப்பில் ஊறியும் மிதக்க வைக்க முடிந்தது என்றால், முழுதாக மூழ்கிய தடித்த இரும்பு எவ்வளவு மெதுவாகப் போகிறது என்று யோசியுங்கள். காற்றும் உப்பும் மாறி மாறிப் படும் இடம்தான் நமக்குச் சத்துரு.

ஆகவே ஒவ்வொரு நாளும் கரைக்கு வந்ததும் எஞ்சினுக்குள் பத்து நிமிடம் நல்ல தண்ணி ஓட விடுங்கள், வெளியையும் கழுவுங்கள். மாதம் ஒருமுறை கட்டியைக் கழற்றி, கம்பித் தூரிகையால் வெள்ளையைத் தேய்த்துவிட்டு நிறுத்துப் பாருங்கள். புதிதாக வாங்கியபோதே எடையைக் கொப்பியில் எழுதியிருந்தால் எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியும். பாதி போனதும் மாற்றிவிடுங்கள்.

கழற்றிய கட்டியை எறிய வேண்டாம். என் பட்டறை வாசலில் ஒரு தகர டின்னில் போட்டு வைத்திருக்கிறேன். போத்தல் சோதனைக்கு நாகம் வேண்டுமென்று வரும் பள்ளிப் பிள்ளைகள் அதிலிருந்துதான் எடுத்துப் போகிறார்கள். அந்தத் தம்பியின் பெயின்ற் அடித்த கட்டியும் சுரண்டிய பிறகு அதற்குள்தான் கிடக்கிறது.